வெடித்தது நாலு தட்டு

என் மருமகள் ஊசி இல்லாத சிரிஞ்சில் கண்ணாடிப் பசையை நிரப்பி, ஒரு பீங்கான் தட்டின் விளிம்பைச் சுற்றிக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். தட்டு உள்ளங்கை அகலம், முட்டை ஓட்டைவிட மெல்லியது. கோடு எங்கேயும் அறக் கூடாது, எங்கேயும் திரளக் கூடாது. ஒரு தட்டு முடிந்ததும் அதன்மேல் உலோகத் தகடு, பிறகு இன்னொரு தட்டு, இன்னொரு தகடு. மூச்சை அடக்கிக்கொண்டுதான் செய்வாள். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தே பிழைத்தவள் நான். சிரிஞ்சு பிடித்த கைகள் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படி நடுங்காத கை அங்கே அபூர்வம்.

அன்று அவள் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கப் பட்டறைக்குப் போயிருந்தேன்.

"அத்தை, கதவச் சாத்துங்க, தூசு வருது" என்றாள், தலையைத் தூக்காமல்.

மாமியாரையே கதவு சாத்தச் சொல்கிறாள். சாத்தினேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் கழிவறைப் பீங்கான் செய்யும் தொழிற்சாலையில் இருந்தாள். சூளையிலிருந்து வந்த ஒவ்வொன்றையும் மரச்சுத்தியால் தட்டி, ஓசை சரியாக இருக்கிறதா என்று கேட்பது வேலை. பெண் பார்த்துவிட்டு வந்தபோது, பொண்ணு என்ன பண்ணுது என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். "கக்கூஸைத் தட்டிப் பாக்கற உத்தியோகம்" என்றான் என் மகன். எல்லோரும் சிரித்தார்கள். அவளிடம் யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். "தட்டிப் பாக்காம வாங்கினா உக்காரும்போது தெரியும்" என்று பதில் வந்தது. எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

அந்தத் தொழிற்சாலை மூடியதும் அவளும் அங்கிருந்த ஐந்து பெண்களும் என் மகன் வேலை பார்த்த பட்டறைக்கு வந்து சேர்ந்தார்கள். எரிபொருள் மின்கலம் செய்கிற பட்டறை. பேரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒரு பக்கம் வாயு, மறுபக்கம் காற்று, நடுவில் மெல்லிய தடுப்பு. தீ இல்லாமல் மின்சாரம் வரும். பாட்டரியின் பங்காளிதான், ஆனால் சார்ஜ் ஏற்ற வேண்டாம். வாயு வந்துகொண்டே இருந்தால் போதும். ஒரு தடுப்பில் வருவது கொஞ்சம் என்பதால் பலவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அதனால் பட்டறையில் அதற்கு அடுக்கு என்று பெயர்.

அடுக்கில் இரண்டு ஜாதி செய்தார்கள். ஒன்று குளிர் அடுக்கு. குளிர் என்றால் ஐஸ் இல்லை, கொதிக்காத வெந்நீர்ச் சூடு. நடுவில் இருப்பது பிளாஸ்டிக் மாதிரி ஒரு படலம். பொத்தானை அழுத்தினால் உடனே மின்சாரம். ஆனால் சுத்தமான ஹைட்ரஜன்தான் வேண்டும். அது சிலிண்டரில் லாரி ஏறி வர வேண்டும். இன்னொன்று சூட்டு அடுக்கு. நடுவில் அந்தப் பீங்கான் தட்டு, உள்ளே உலைச் சூடு. குழாயில் வரும் சமையல் வாயுவே போதும். வீணாகிற சூட்டில் வெந்நீரும் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஏற்றினால் மெதுவாக ஏற்ற வேண்டும், இறக்கினாலும் மெதுவாக இறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது வாயு சட்டென்று நின்றால் பீங்கான் தாங்காது.

என் மகன் குளிர் பெஞ்சில், மருமகள் சூட்டு பெஞ்சில். பட்டறையில் அவன் குளிரண்ணன், அவள் சூட்டக்கா. வீட்டில் சாப்பாட்டு மேசையில் தினமும் தேர்தல் பிரசாரம்.

"உன் அடுக்கு சூடாகறதுக்குள்ள என் அடுக்கு வேலைய முடிச்சிட்டு வீட்டுக்கு வந்து குளிச்சிரும்" என்பான் அவன்.

"வரும், வரும். வந்தா சாப்பாடு யாரு போடறது? சுத்தமான ஹைட்ரஜன் இல்லன்னா வாயே தொறக்காத புது மாப்பிள்ளை உங்க அடுக்கு. என்னோடது குழாய் கேஸ், சாக்கடை கேஸ், எதையும் சாப்பிடும். கந்தகத்த மட்டும் வடிகட்டிக் குடுத்தாப் போதும்."

"தின்னுட்டு ஒரு நாள் அணைஞ்சா பொட்டுனு போயிரும்."

"அணைக்கறது எதுக்குங்கறேன்? அணைக்காத எடத்துல வைக்கணும்."

நான் சோற்றைப் பார்த்துச் சாப்பிடுங்கள் என்பேன்.

இது விளையாட்டாக இருந்தது, பணம் போடுகிறவர் வரும்வரை. வழுக்கைத் தலை, கையில் எந்நேரமும் தண்ணீர் பாட்டில். பட்டறையில் அவருக்கு பாட்டில் சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். விவரம் தெரிந்த மனிதர். இரண்டு பெஞ்சையும் பார்த்தார், கேட்க வேண்டியதைக் கேட்டார், முதலாளியிடம் சொன்னார்: "குளிர் அடுக்குக்குச் சாப்பாடு கெடைக்கல, சூட்டு அடுக்க வாங்க ஆள் கெடைக்கல. ரெண்டு படகுல கால் வைக்க எனக்குத் தெம்பில்ல. எது முதல்ல ஒரு நிலையான வாடிக்கையப் பிடிக்குதோ அது இருக்கட்டும். மத்தது வேண்டாம்."

குளிர் பெஞ்சு மூடினால் அங்கே இருந்தவர்களுக்கு வெளியே வேலை கிடைக்கும். பாட்டரிக் கடைகள் இருக்கின்றன. சூட்டு பெஞ்சு மூடினால் ஆறு பெண்களும் போக இடமில்லை. பீங்கான் தொழிற்சாலை ஏற்கெனவே மூடியாகிவிட்டது. அதை யாரும் உரக்கச் சொல்லவில்லை. என் மருமகள் மட்டும் சாப்பாட்டு மேசையில் பிரசாரத்தை நிறுத்திவிட்டாள்.

பிறகு அவளே அலைந்து ஓர் இடம் பிடித்தாள். நான் வேலை பார்த்த பராமரிப்பு இல்லம். இப்போதும் புதிதாக வரும் பணியாளர்களுக்கு நோயாளியைத் தூக்கவும் திருப்பவும் சொல்லிக்கொடுக்க அங்கே போகிறேன். ஆனால் சிபாரிசு நான் செய்யவில்லை. அவள் நேரே இல்லத்தை நடத்தும் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னதைக் கேட்டேன்.

"மேடம், இங்க ராத்திரி பகல் கரண்ட் வேணும். படுத்திருக்கறவங்களத் துடைக்க, துணி துவைக்க, நாள் முழுக்க வெந்நீர் வேணும். வாசல் வரைக்கும் கேஸ் குழாய் இருக்கு. இந்த மெஷினுக்கு ஏத்த எடம் இதவிட வேற இல்ல. மூணு மாசம் வச்சுப் பாருங்க, பிடிக்கலன்னா எடுத்துக்கறேன்."

டாக்டரம்மா ஒத்துக்கொண்டார். பின்கட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். இரும்பு பீரோ மாதிரி இருந்ததால் இல்லத்தில் எல்லோருக்கும் அது பீரோதான். முன்பு பஸ் ஓட்டிய பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார். டிரைவர் ஐயா என்போம். சக்கர நாற்காலியைத் தள்ளச் சொல்லி வந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?" என்று கேட்டார்.

"ஓட்டறவரப் பொறுத்தது ஐயா" என்றாள்.

அவருக்கு அது பிடித்துப்போய், வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

பீரோ ஒழுங்காக ஓடியது. டீசல் ஜெனரேட்டரின் இரைச்சல் நின்றது, வெந்நீர் தட்டுப்பாடு போயிற்று. பாட்டில் சார் ஒருமுறை வந்து கையை வெந்நீர்க் குழாயில் நீட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சூட்டு பெஞ்சுப் பெண்கள் கொஞ்சம் உரக்கப் பேச ஆரம்பித்தார்கள். என் மகன் வேறு பட்டறைகளில் விசாரிக்கத் தொடங்கினான், வீட்டில் சொல்லாமல்.

பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு சிலிண்டர் நிற்கும். குழாய் வாயு நின்றால், பீங்கான் கெடாமல் மெதுவாக ஆறுவதற்கு அதிலிருந்து ஒரு காப்பு வாயு தானாகப் போகும். அதன் வால்வு எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். பராமரிப்பு இல்லத்தில் இருக்கிற விதியோ நேர்மாறு: பயன்படுத்தாத சிலிண்டரின் வால்வை மூடிவிட வேண்டும். ஆக்சிஜன் வைத்துப் புழங்கும் எந்த இடத்திலும் அதுதான் முதல் பாடம். நானும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன், நாளைக்கும் சொல்லிக்கொடுப்பேன். யாரோ ஒரு பணியாளர் பின்கட்டில் துணி காயப்போட வந்தபோது, திறந்து கிடந்த வால்வைப் பொறுப்பாக மூடிவிட்டுப் போயிருக்கிறார்.

ஒரு மத்தியானம் தெருவில் குழாய் வேலைக்காக வாயுவை நிறுத்தினார்கள். பீரோ நின்றது. காப்பு வாயு போகவில்லை. விளக்குகள் ஒருமுறை மங்கி, பழைய ஜெனரேட்டர் தானே கிளம்பிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் மாடியில் புதியவர்களுக்கு விரிப்பை உருவிப் போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பாடத்தை நிறுத்தக்கூட இல்லை.

பீரோ நின்றதைப் பட்டறையில் இருந்த கணினித் திரையில் என் மருமகள் பார்த்துவிட்டாள். உடனே இல்லத்துக்கு போன் போட்டாள். எடுத்தது வரவேற்பு மேசையில் இருக்கும் அம்மாள். என் மருமகள் வயதுக்காரி, சிடுசிடுப்பு இல்லாதவள், வேலையில் கருத்தானவள்.

"அக்கா, மெஷின் நின்னிடுச்சு. பயப்படாதீங்க. உள்ள நாலஞ்சு தட்டு வெடிச்சிருக்கும், அவ்வளவுதான். யாரையும் கிட்டப் போக விடாதீங்க, சூடா இருக்கும். நான் கெளம்பிட்டேன்."

பீங்கான் தொழிலில் விரிசலுக்கு வெடிப்பு என்றுதான் பேச்சு. நாமும் குதிகால் வெடிக்கிறது என்கிறோம், உதடு வெடிக்கிறது என்கிறோம். களிம்பு தடவிவிட்டு வேலையைப் பார்க்கிறோம். ஆனால் கேஸ் மெஷின், வெடித்தது, சூடு, கிட்டப் போகாதே என்று ஒரே மூச்சில் கேட்டால் யாராக இருந்தாலும் குதிகாலையா நினைப்பார்கள்?

"மெஷின் வெடிச்சிருச்சு! எல்லாரையும் வெளிய கொண்டு போங்க!" என்று வரவேற்பு அம்மாள் கத்திய கத்தலில் மாடியே அதிர்ந்தது.

நான் படியில் இறங்கிக்கொண்டே கேட்டேன். "சத்தமே கேக்கலையேம்மா?"

"இன்னும் வெடிக்கப் போவுதாம்!"

அதற்குமேல் யார் கேட்பார்கள்? நடக்க முடிந்தவர்கள் நடந்தார்கள், முடியாதவர்களை அள்ளினார்கள். "கட்டிலோட தள்ளுங்க, தூக்காதீங்க" என்று நான் சொல்லச் சொல்ல, ஒருபக்கம் காவலாளியும் மறுபக்கம் சமையற்காரரும் டிரைவர் ஐயாவைப் படுக்கை விரிப்போடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வாசல் சரிவில் விரிப்பின் ஒரு முனை கைநழுவியது.

விழுந்த கோலத்திலேயே தெரிந்தது. ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. யாரையும் நேராக்க விடவில்லை. இரு தொடைக்கும் நடுவில் தலையணை வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை தெருவிலேயே உட்கார்ந்திருந்தேன். மனிதர் ஒரு சத்தம் போடவில்லை. "பிரேக் பிடிக்கலையாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

என் மருமகள் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது தெரு முழுக்கக் கட்டில்கள். நேரே பின்கட்டுக்கு ஓடினாள். திரும்பி என்னிடம் வந்தாள்.

"மெஷினுக்கு ஒண்ணுமில்ல அத்தை. தானா ஆறிட்டிருக்கு. எதுக்கு எல்லாரும் வெளிய?"

"போன்ல என்ன சொன்னே?"

"தட்டு வெடிச்சிருக்கும்னு..."

"அப்படியேவா சொன்னே?"

"வேற எப்படிச் சொல்ல?" என்றாள். பிறகு டிரைவர் ஐயாவின் காலைப் பார்த்தாள். கையில் இருந்த கருவிப்பெட்டியைக் கீழே வைத்தாள். அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

ஐயாவுக்கு இடுப்பெலும்பில் முறிவு, அறுவை சிகிச்சை. அந்த வயதில் அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். அவருடைய மகள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று யாரையும் திட்டாமல் ஒன்றே ஒன்று கேட்டாள்: "வெடிச்சுதா, வெடிக்கலையா? யாராவது ஒருத்தர் சொல்லுங்களேன்."

யாரும் சரியாகச் சொல்லவில்லை. அதற்குள் இல்லத்தில் இருந்தவர்களின் குடும்பத்தார் எல்லோரும் கூடி, டாக்டரம்மாவும் முதலாளியும் வந்து பதில் சொல்ல வேண்டும் என்று கூட்டம் வைத்தார்கள். பாட்டில் சாரும் வருவதாகச் சொல்லியனுப்பினார். மெஷினைப் பிரித்துப் பார்த்தபோது விரிசல் விட்டிருந்தது சரியாக நாலு தட்டு.

கூட்டத்துக்கு முந்தின நாள் முதலாளி எங்கள் வீட்டுக்கே வந்தார். உட்காரவில்லை.

"இனிமே நம்ம பட்டறையில வெடிக்கறதுங்கற வார்த்தையே யாரும் பேசக்கூடாது. விரிசல்னு சொல்லு. கீறல்னு சொல்லு."

"உதடு வெடிச்சாலும் விரிசல்தானா சார்?" என்றான் என் மகன்.

யாரும் சிரிக்கவில்லை.

"நீ போன்ல விரிசல்னுதான் சொன்னே" என்றார் முதலாளி அவளிடம். "அந்தம்மா பதட்டத்துல தப்பாக் கேட்டுட்டாங்க. அவ்வளவுதான். யாரு பதிவு பண்ணி வச்சிருக்கா? பாட்டில் சாருக்கு மெஷின் மேல இன்னும் நம்பிக்கை இருக்கு. நம்ம வாயிலேர்ந்து அந்த வார்த்தை வந்துச்சுன்னு தெரிஞ்சா போட்டிக் கம்பெனிக்காரன் ஊரெல்லாம் தமுக்கடிப்பான். உன் பெஞ்சு அதோட காலி. யோசிச்சுக்க."

அவர் போனபின் என் மகன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவள் பெஞ்சு மூடினால் அவன் பெஞ்சு பிழைக்கும். அவன் சொன்னது வேறு.

"சொல்லிடேன். ஒரு வார்த்தைதானே? அந்தம்மாவுக்கு வேற எங்கயாவது வேலை கெடைக்கும்."

"கெடைக்குமா? படுத்திருந்தவங்களத் தெருவுல போட்டவங்கற பேரோடயா?"

"உன் பெஞ்சுப் பொண்ணுங்க அஞ்சு பேருக்கு என்ன பதில் சொல்லுவே?"

"அதான் தெரியல" என்றாள். அன்று சாப்பிடவில்லை. நான் வற்புறுத்தவில்லை, ஒரு வேளை சாப்பிடாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

கூட்டம் இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. வரவேற்பு அம்மாள் ஓரமாக நின்றாள். அவளைப் பக்கத்தில் உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. முதலாளி தொழில்நுட்பக் கோளாறு, தகவல் பரிமாற்றம் என்றெல்லாம் பேசினார். டிரைவர் ஐயாவின் மகள் எழுந்து பழைய கேள்வியையே கேட்டாள்.

"வெடிச்சுதா, இல்லையா?"

முதலாளி என் மருமகளைப் பார்த்தார். அவள் எழுந்தாள். வரவேற்பு அம்மாள் பக்கத்தில் போய் நின்றாள்.

"வெடிச்சுதுன்னு நான்தான் சொன்னேன். போன்ல. இந்தக்கா சரியாத்தான் கேட்டாங்க. நாங்க பீங்கான்ல விரிசல் விட்டா அப்படித்தான் சொல்லுவோம். நாலு தட்டுல விரிசல். தீ இல்ல, சத்தம் இல்ல. ஆனா கேக்கறவங்களுக்கு அது எப்படிக் கேக்கும்னு நான் நெனைக்கல. அந்த வால்வுல மூடாதீங்கன்னு ஒரு அட்டையும் நான் கட்டி வைக்கல. ஐயா விழுந்தது இந்தக்காவால இல்ல."

அந்த மகள் அவள் பக்கம் திரும்பினாள். "கைத்தாங்கலா நாலடி நடந்தவர் எங்கப்பா. இனிமே அதுவும் இல்ல" என்றாள். உட்கார்ந்தாள். மன்னித்தாளா என்று கேட்காதீர்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

குடும்பத்தார் பீரோ வேண்டாம் என்றார்கள். டாக்டரம்மா, "மெஷின்ல எனக்குக் குறை இல்ல. ஆனா இவங்க தூங்கணுமே" என்றார். வரவேற்பு அம்மாளின் வேலை போகவில்லை.

வாசலில் பாட்டில் சார் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு முதலாளியிடம் சொன்னார்: "மனுஷங்க படுத்திருக்கற எடத்துல இத இனி வைக்க முடியாது. ஆஸ்பத்திரி, ஹோட்டல், அடுக்குமாடி, எல்லாம் போச்சு. மிச்சம் என்ன சந்தை இருக்கு? இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு எடம் காட்டுங்க. இல்லன்னா அந்தச் சூட்டு பெஞ்சுச் சூளைய வித்துடலாம்." பிறகு என் மருமகளிடம் திரும்பி, "நீ சொன்னது சரி. எனக்கு நஷ்டம்" என்றார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

முதலாளி அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிப் போனார். ஐந்து பெண்களில் மூத்தவள் போன் செய்து, நீ ரொம்ப நல்லவ என்று சொல்லிவிட்டு அழுதாளாம். அந்த நல்லவ என்ற சொல்லில் இருந்தது பாராட்டு இல்லை.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், அவள் என் மருந்துப் பெட்டியிலிருந்து பஞ்சு எடுத்து, வெடித்த தட்டு ஒன்றைச் சுற்றி டிபன் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கே?"

"சாக்கடைத் தண்ணி சுத்தம் பண்ற எடத்துக்கு. தொட்டியிலேர்ந்து வர்ற கேஸ வீணா எரிச்சு விடறாங்க. அங்க யாரும் படுத்திருக்கறதில்ல." டப்பாவை மூடினாள். "நீங்களும் வாங்க அத்தை. வயசானவங்க கூட வந்தா கேட்டுல தொரத்த மாட்டாங்க."

"நான் என்ன நுழைவுச் சீட்டா?" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே நாற்றம் அடித்தது. நான் மூக்கை மூடினேன். அவள் நன்றாக இழுத்து முகர்ந்து, "கந்தகம் ஜாஸ்தி. பெரிய வடிகட்டி வேணும்" என்றாள்.

காவலாளி கம்பெனிப் பெயரைக் கேட்டுவிட்டு எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்த முதியோர் இல்லத்துல வெடிச்சதே, அதுவா?"

"அதேதாங்க. வெடிச்சதக் கொண்டு வந்திருக்கேன், பாக்கறீங்களா?"

அவர் ஓரடி பின்வாங்கினார். அவள் மூடியைத் திறந்து பஞ்சை விலக்கிக் காட்டினாள். மனிதர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

"இதுவா? இது கீறல் விழுந்த தட்டுல்ல?"

"ஆமாங்க."

"இதுக்கா அத்தனை பேர் தெருவுக்கு ஓடுனாங்க?"

அவள் டப்பாவை மூடிவிட்டு, இன்ஜினியரைப் பார்க்க வேண்டும் என்றாள். இன்ஜினியர் தொட்டிப் பக்கம் போயிருக்கிறார், வந்தால் கேட்டுப் பார்க்கிறேன், ஆனால் அவர் இதையெல்லாம் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை என்று சொல்லி, காவலாளி எனக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டார். அவள் நின்றாள். நெடுநேரம் கழித்துச் சேறு படிந்த பூட்ஸோடு ஒருவர் வந்தார். காவலாளி அவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். அவர் முகம் சுருங்கி, கையை உயர்த்தி வேண்டாம் என்று ஆட்ட ஆரம்பிப்பதற்குள் அவள் போய் அவர் முன்னால் நின்று, டப்பாவைத் திறந்து, தட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.